புதுக் கணினிக்கு ஆன்டிவைரஸை மாற்றுதல்: பழையது கையை விட்டுப் போகும் முன் செய்ய வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு, எங்கே போய்ப் புதுக் கணினி வாங்கினாலும் விலை பேசும்போதே பழையதை எக்ஸ்சேஞ்சில் தருகிறீர்களா என்ற கேள்வி வந்துவிடும். தாருங்கள், ஆனால் அன்றைக்கே தராதீர்கள். ஆன்டிவைரஸ் மாற்றத்தில் வருகிற தலைவலிகளில் பெரும்பாலானவை, பழைய கணினி கைமாறிப் போன பிறகு லைசென்ஸ் நினைவுக்கு வருவதால் வருபவை. காசு கட்டி வாங்கிய லைசென்ஸில் எட்டு மாதம் மிச்சமிருக்கும். அது இப்போது யார் வீட்டிலோ இருக்கும் கணினியின் பெயரில் பதிவாகியிருக்கும். புதுக் கணினியிலோ “அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்துவிட்டது” என்று செய்தி வரும்.

பனியன் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அறை, விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை அலுவலகம், மஞ்சள் மண்டி, லாரி புக்கிங் ஆபீஸ் என ஒன்றிரண்டு கணினிகளை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் கணினிகளைப் பற்றித்தான் பேச்சு.

உண்மையில் மாறுவது எது

ஆன்டிவைரஸ் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துப் புதுக் கணினியில் ஒட்டினால் அது வேலை செய்யாது. விண்டோஸின் அடித்தளத்தில் டிரைவர்களாகவும் சேவைகளாகவும் ஊன்றிக்கொண்டு இயங்கும் மென்பொருள் அது. மாறுவது லைசென்ஸ் மட்டுமே. பழைய கணினியில் லைசென்ஸை விடுவிக்க வேண்டும், புதியதில் மென்பொருளைப் புதிதாக நிறுவி அதே லைசென்ஸைப் பதிய வேண்டும், உங்கள் தொழிலுக்கென்று முன்பு செய்து வைத்திருந்த அமைப்புகளை மறுபடி செய்ய வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் பழைய கணினியில் லைசென்ஸைச் சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய முடியும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஆன்டிவைரஸை நீக்கினால் டிஃபெண்டர் தானாக மறுபடி வேலைக்கு வந்துவிடும். பிள்ளைகள் படிக்க, மின் கட்டணம் கட்ட, படம் பார்க்க என்று இருக்கும் வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. மிச்ச நாட்கள் இருந்தால் மாற்றிப் பயன்படுத்துங்கள், முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் குடி முழுகிவிடாது.

தொழில் செய்யும் இடம் வேறு. எம்பிராய்டரி டிசைனுக்கான டிஎஸ்டி கோப்பு ஒரு பென் டிரைவில் வரும், பிரிண்டிங் பட்டறையிலிருந்து ஆர்ட் ஒர்க் இன்னொன்றில் வரும், ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒன்று. ஒரே கணினியில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். கோளாறு என்றால் ஆள் நேரில் வந்து பார்க்கவும் வேண்டும். இதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. புனேயின் குயிக் ஹீல், சென்னையின் கே7 போன்றவை இங்கே டீலர்கள் வழியாக விற்கப்படுவது அந்த வகையில் வசதி.

நாள் குறித்தல்

நல்ல நேரம் பார்க்கிறோமோ இல்லையோ, ஜிஎஸ்டி நாள் பார்க்க வேண்டும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினோராம் தேதி, 3பி இருபதாம் தேதி. இந்த இரண்டையும் ஒட்டிய நாட்கள் வேண்டாம். வாரச் சம்பளம் போடும் கம்பெனிகளில் சனிக்கிழமை கணினியைத் தொட விடமாட்டார்கள். சனி இரவு ஸ்கேன் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாற்றுவது சரிப்படும். ஆனால் ஞாயிறன்று டீலரின் போன் ஓய்ந்திருக்கும் என்பதால், அவரிடம் கேட்க வேண்டியதை வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது

கேட்க வேண்டியது இதைத்தான். நம் ஊர்களில் கணினியை விற்கும் கடைக்காரரோ சர்வீஸ் செய்யும் தம்பியோதான் ஆன்டிவைரஸையும் போட்டுக் கொடுப்பார். பதிவுப் படிவத்தில் மின்னஞ்சல் கேட்கும். அவசரத்தில் அவர் தன்னுடையதையே போட்டிருப்பார், கைபேசி எண்ணும் அவருடையதே. ஒரு வருடம் எல்லாம் சரியாக ஓடும். கணினி மாற்றும் நாளில் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருந்தால் நீங்கள் பில்லை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆகவே பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன்டிவைரஸைத் திறந்து, லைசென்ஸ் விவரம் காட்டும் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: மென்பொருளின் முழுப் பெயர், பதிப்பு எண், லைசென்ஸ் கீ, காலாவதித் தேதி, எத்தனை கணினிகளுக்கு, எந்த மின்னஞ்சலில் பதிவு. மின்னஞ்சல் உங்களுடையது இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். பில்லும் கீ அட்டையும் இருந்தால் அவற்றையும் படம் எடுத்து, இந்தக் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

லைசென்ஸ் முறை இரண்டு விதம். நார்ட்டன், மெக்கஃபீ, காஸ்பர்ஸ்கை போன்றவற்றில் இணையக் கணக்கு ஒன்று இருக்கும். அதில் நுழைந்தால் எந்தெந்தக் கணினியில் லைசென்ஸ் ஓடுகிறது என்ற பட்டியல் தெரியும், பழையதை அங்கிருந்தே கழற்றலாம். கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்தால் போதும். பெட்டியில் அட்டையாக வரும் கீயை வைத்து ஆக்டிவேட் செய்யும் வகையில் பழைய கணினியிலேயே செய்ய வேண்டிய வேலை கூடுதல். பழையதை அனுப்பிவிடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இந்த வகைக்குத்தான் மிகவும் பொருந்தும்.

பழைய கணினியில்

வைரஸ் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள். குயிக் ஸ்கேன் போதாது. சில மணி நேரம் ஆகலாம், அதனால் இரவில் விடுங்கள். கணினி தானாகத் தூங்கப் போகும் அமைப்பை நிறுத்தி வையுங்கள். யுபிஎஸ் பலவீனமாக இருந்தால் மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளைத் தவிருங்கள். தரவை நகலெடுப்பதற்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருடமாகச் சேர்ந்த குப்பையோடு ஷார்ட்கட் வைரஸையும் சேர்த்துப் புதுக் கணினிக்குக் குடியேற்ற வேண்டாம்.

ஸ்கேன் முடிந்ததும் அமைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விலக்குப் பட்டியல் (ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று ஒதுக்கிய கோப்புறைகள்), ஃபயர்வாலில் (நெட்வொர்க் வழி வருவதையும் போவதையும் தடுக்கும் காவல்) அனுமதிக்கப்பட்ட மென்பொருள்கள், தடுக்கப்பட்ட இணையதளங்கள், ஸ்கேன் நேரம், ஆன்டிவைரஸைத் திறக்கவும் நீக்கவும் வைத்திருக்கும் கடவுச்சொல். சில மென்பொருள்களில் அமைப்புகளை ஒரே கோப்பாக வெளியே எடுத்து மறுபடி உள்ளே ஏற்றும் வசதி உண்டு. ஆனால் பழைய பதிப்பில் எடுத்தது புதுப் பதிப்பில் ஏறாமல் போகலாம் என்பதால் படமும் எடுத்து வைப்பது உத்தமம். ஆன்டிவைரஸ் பிடித்துத் தனியே அடைத்து வைத்திருக்கும் குவாரண்டைனில் கிடப்பவை அங்கேயே கிடக்கட்டும், அவற்றை எங்கும் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது தரவு. டேலியில் நிறுவனக் கோப்புகளை முறைப்படி பேக்கப் எடுங்கள். எண்களைப் பெயராகக் கொண்ட அந்தக் கோப்புறைகளை நேரடியாக நகலெடுப்பதானால் எல்லாக் கணினிகளிலும் டேலியை மூடியிருக்க வேண்டும். மின்னஞ்சல் கோப்புகள், உலாவியின் கடவுச்சொற்கள், டிசைன் கோப்புறைகள் எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கணினியில் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் சேர்த்தே பூட்டும்.

பிறகுதான் நீக்கும் வேலை. இணையம் இணைந்திருக்கும்போது, டீஆக்டிவேட் என்ற பொத்தான் மென்பொருளுக்குள் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கீ முறையில் இயங்கும் பல மென்பொருள்கள் நீக்கப்படும் நேரத்தில்தான் நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் அனுப்பி அந்தக் கணினியின் பதிவை விடுவிக்கின்றன. இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு நீக்கினால் லைசென்ஸ் விடுபடாமல் போகலாம். ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள்.

கணினி அடியோடு செத்துப்போய்விட்டால்? இணையக் கணக்கு இருந்தால் அங்கிருந்து கழற்றுங்கள். இல்லையென்றால் பில், கீ, பதிவு மின்னஞ்சல் மூன்றையும் வைத்து நிறுவனத்தை நேரடியாக அழையுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை நம்பாமல், பெட்டியிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். போலி வாடிக்கையாளர் மையங்கள் இதில் நிறைய. எதிர்முனையில் இருப்பவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்லி, வங்கிக் கணக்கையும் திறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

புதுக் கணினியில்

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஆன்டிவைரஸை நிறுவ வேண்டாம். முதலில் தேதி, நேரம், நாடு சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் ஆக்டிவேஷன் தோற்கும், காரணம் புரியாமல் அலைய நேரும். பிறகு விண்டோஸ் அப்டேட் முழுவதையும் ஓட விடுங்கள். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்கும். அதுவரை டிஃபெண்டர் காவலுக்கு இருக்கிறது, பயம் வேண்டாம்.

புது லேப்டாப்களில் வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பாக முன்பே ஏற்றப்பட்டிருக்கலாம். இலவசமாக வந்ததாயிற்றே என்று அதையும் வைத்துக்கொண்டு உங்களுடையதையும் ஏற்றாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்கப் போனால் கணினி நகராது. சோதனைப் பதிப்பை அன்இன்ஸ்டால் செய்து, எச்சம் இருந்தால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை இரண்டு. சில லேப்டாப்கள் விண்டோஸ் 11 எஸ் மோடில் வரும். அதில் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகள் மட்டுமே ஏறும், உங்கள் ஆன்டிவைரஸும் டேலியும் ஏறாது. எஸ் மோடிலிருந்து வெளியேறக் காசில்லை, ஆனால் வெளியேறினால் திரும்ப முடியாது. இன்னொன்று ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் வகைச் செயலி. எல்லா ஆன்டிவைரஸ்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களின் டிரைவர்களும் அதில் ஓடும் என்று நம்ப முடியாது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி நிறுவலாம். பெட்டியில் வந்த சிடி வேண்டாம், அதில் இருப்பது அச்சான நாளின் பதிப்பு. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் லைசென்ஸுக்கு உரிய வகையை இறக்குங்கள். இண்டர்நெட் செக்யூரிட்டிக்கு வாங்கிய கீயை டோட்டல் செக்யூரிட்டியில் போட்டால் ஏற்காது. ஆக்டிவேட் செய்து, காலாவதித் தேதி பழைய கணினியில் எடுத்த படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அன்றே கேளுங்கள். அடுத்து வைரஸ் பட்டியலைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்து, வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதை முழுக்க ஸ்கேன் செய்த பிறகு தரவை உள்ளே ஏற்றுங்கள். அந்த டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள்.

திங்கட்கிழமைக் காலை

எல்லாம் முடிந்தது என்று ஞாயிறு இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து அறையில் டேலி திறக்காது, பிரிண்டர் வராது, கைரேகை வருகைப் பதிவு இயந்திரத்திலிருந்து நேரக் கணக்கு இறங்காது. ஆன்டிவைரஸைத் திட்டுவதற்கு முன் ஃபயர்வாலைப் பாருங்கள்.

புதுக் கணினி உங்கள் நெட்வொர்க்கைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படி எடுத்துக்கொண்டால் பக்கத்துக் கணினிகளுக்குக் கதவைச் சாத்திவிடும். விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பிலும், ஆன்டிவைரஸுக்குத் தனி ஃபயர்வால் இருந்தால் அதிலும், இதைப் பிரைவேட் என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பல பயனர் டேலியில் லைசென்ஸ் சேவை வழக்கமாக 9999 என்ற போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசல் எண்ணை, பயன்படுத்துகிறது. அதை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதியுங்கள். கைரேகை இயந்திரங்களில் பரவலாக இருப்பது 4370. இயந்திரத்தின் திரையில் உள்ள நெட்வொர்க் பக்கத்தில் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து விழவில்லை என்றால் டோக்கனின் டிரைவரும், கையெழுத்திட உதவும் எம்சைனர் என்ற மென்பொருளும் புதுக் கணினியில் நிறுவப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். நிறுவியும் விழவில்லை என்றால்தான் ஆன்டிவைரஸின் தடுப்புப் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

விலக்குப் பட்டியலில் கஞ்சத்தனம் வேண்டும். டேலி மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிடுகிற சர்வீஸ் ஆட்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த டிரைவில் என்ன வந்து உட்கார்ந்தாலும் ஆன்டிவைரஸ் திரும்பிப் பார்க்காது. டேலியின் தரவுக் கோப்புறையை மட்டும் விலக்குங்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென் டிரைவ்கள் எக்காரணம் கொண்டும் அந்தப் பட்டியலில் வரக் கூடாது.

வேலை செய்கிறதா என்று அறிய உண்மையான வைரஸ் தேவையில்லை. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பு ஒன்றைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதை இறக்கிப் பாருங்கள். ஆன்டிவைரஸ் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நிறுவியதில் கோளாறு.

அப்கிரேடு என்ற பெயரில் நான்கு

கடையில் அப்கிரேடு என்ற ஒரே சொல்லில் நான்கு விஷயங்களைப் போட்டுக் குழப்புவார்கள். வைரஸ் பட்டியல் புதுப்பிப்பு தினமும் தானாக நடப்பது, அதற்குத் தனிக் காசு இல்லை. மென்பொருளின் புதுப் பதிப்பு லைசென்ஸ் காலம் இருக்கும்வரை பெரும்பாலும் இலவசம். பதிப்பு மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். மூன்றாவது ரகம் மாற்றுவது, அதாவது அடிப்படை ஆன்டிவைரஸிலிருந்து டோட்டல் செக்யூரிட்டிக்குப் போவது. நான்காவது, காலம் முடியும் லைசென்ஸைப் புதுப்பித்தல்.

ரகம் மாற்றும்போது ரான்சம்வேர் பாதுகாப்பு, பென் டிரைவ்களைக் கட்டுப்படுத்தும் வசதி, வங்கிப் பணிக்கான பாதுகாப்பான உலாவி ஆகியவை இருந்தால் கூடுதல் காசு தகும். கணினியை வேகப்படுத்தும் கருவி என்பதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம். ஐந்தாறு கணினிகளுக்கு மேல் இருந்தால் தனித்தனிப் பெட்டியாக வாங்குவதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து பார்க்கும் நிறுவனப் பதிப்பைக் கேளுங்கள்; குயிக் ஹீலில் அதற்குச் செக்ரைட் என்று பெயர். விண்டோஸ் சர்வர் ஓடும் கணினியில் வீட்டுப் பதிப்புகள் பொதுவாக ஏறுவதே இல்லை என்பதையும் வாங்குமுன் கவனியுங்கள்.

புதுப்பித்தலில் தானியங்கிக் கழிவை, அதாவது தானாகப் பணம் எடுக்கப்படுவதை, கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான தொடர் கழிவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள், 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு மட்டும் வரும். ஆன்டிவைரஸ் தொகை அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டாலும் பழையதற்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். தானாகப் புதுப்பிப்பதைக் கணக்கில் அணைத்துவிடுங்கள்.

பழைய கணினியின் கதி

அதைப் பேக்கிங் பகுதிக்கோ பண்ணைக்கோ அனுப்பி இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று நினைப்பீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் தொடர்ந்து வரும்தான், ஆனால் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அதே ஆண்டு மார்ச்சில் வெளிவந்த விண்டோஸ் திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் அது புகுந்தது. கணினியின் தகுதி அனுமதித்தால் விண்டோஸ் 11க்கு ஏற்றுங்கள்; ஏற்றும் முன் பழைய ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, ஏற்றிய பின் புதுப் பதிப்பை நிறுவுவது சிக்கலைக் குறைக்கும். சிஎன்சி, எம்பிராய்டரி இயந்திரங்களோடு பிணைந்த விண்டோஸ் 7 கணினியை அப்படி மாற்ற முடியாது. அதற்கு இணையத்தையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் கொடுக்காதீர்கள். அதற்கென்று ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதுக் கணினியில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

விற்பதானால் டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்தீர்களா என்று பார்த்துவிட்டு, ரீசெட் பகுதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்து, டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் இயக்குங்கள். அது முடியப் பல மணி நேரம் ஆகும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் விலையில் சில நூறு குறைப்பார், குறைக்கட்டும்.